பாதி மறைந்த கேள்வித்தாள்

போன வாரம் நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் தன் பேரனைப் பற்றி எழுதியிருந்தார். பரீட்சை வந்தால் பையனுக்குத் தலைவலி வந்துவிடுகிறதாம். லைட்டை அணை, டிவியை அணை என்கிறானாம். "எல்லாம் நாடகம், ரெண்டு வச்சா சரியாப் போவும்" என்று முடித்திருந்தார். கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். அதற்கும் கீழே இன்னொருவர், "நம்ம வகுப்புல ஒருத்தி கணக்குப் பேப்பர் மேலயே வாந்தி எடுத்தாளே, அவ வாப்பா வந்து எல்லார் முன்னாலயும் ஒண்ணு வச்சாரே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டிருந்தார். மறுபடியும் சிரிப்புப் பொம்மைகள்.

அந்த ஒருத்தி நான்தான். நானும் அந்தக் குழுவில் இருக்கிறேன் என்பது அவருக்கு மறந்திருக்கும். கோபம் ஒன்றும் இல்லை. நமக்கெல்லாம் அறுபது தாண்டிவிட்டது, இனி யாரோடு கோபித்து என்ன ஆகப்போகிறது. ஆனால் நீங்கள் பார்த்தது வகுப்பறைக்குள் நடந்ததை மட்டும். அதற்கு முன்னும் பின்னும் நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. அதனால் எழுதுகிறேன். தமிழ் எழுத்து கூட்டிப் படிக்கச் சிரமமாக இருந்தால், படிக்கத் தெரிந்தவர் மற்றவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

எங்கள் வீடு தாராவியில் எங்கே இருந்தது என்று உங்களில் பலருக்குத் தெரியும். கீழே ஒரே அறை. அதுதான் வாப்பாவின் கார்கானா. இரண்டு தையல் மிஷின், தோல் வெட்டும் பலகை, வேலை செய்ய இரண்டு காரிகர்கள். மூலையில் இரும்பு ஏணி. அதில் ஏறினால் மாலா, பரண் மாதிரி ஒரு தட்டு. நிமிர்ந்து நின்றால் தலை தகரத்தில் இடிக்கும். அந்த மாலாவில்தான் சமையல், சாப்பாடு, படிப்பு, தூக்கம் எல்லாம். வாப்பாவும் உம்மாவும் நானும்.

கார்கானாவில் செய்தது கைப்பைகள். தோலையும் உள்துணியையும் ஒட்டுவதற்கு ஒரு பசை உண்டு. தேன் நிறத்தில், டப்பாவில் வரும். சொல்யூஷன் என்போம். வெயில் காலத்தில் ஒட்டுகிற வேலை சந்தில் நடக்கும். பலகையைத் தூக்கி வாசலில் போட்டுக்கொண்டு காரிகர்கள் உட்கார்ந்துவிடுவார்கள். மழை தொடங்கிவிட்டால் எல்லாம் உள்ளே வந்துவிடும். வாசலில் நீல பிளாஸ்டிக் தொங்கும், ஒரே ஒரு ஜன்னலையும் சாத்திவிடுவோம். சொல்யூஷன் வாடை ஏணி வழியாக எங்களைத் தேடி மேலே வரும். அந்த வாடை எனக்குப் பிடிக்கும். சத்தியமாகப் பிடிக்கும். அது எங்கள் வீட்டு வாடை.

எனக்குப் பன்னிரண்டு வயது நடந்த அந்த மழைக்காலத்தில்தான் முதல் தடவை வந்தது. வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். எழுத்தின் நடுவில் ஒரு புள்ளியளவு இடம் காணாமல் போனது. பேனா மை கொட்டிவிட்டதோ என்று தாளைத் தடவிப் பார்த்தேன். புள்ளி பெரிதானது. அதன் ஓரத்தில் வளைந்து வளைந்து ஒரு வெளிச்சம், வெல்டிங் பட்டறையில் தெறிக்குமே அந்த மாதிரி. கையை முகத்துக்கு முன்னால் நீட்டினேன். மூன்று விரல்கள்தான் இருந்தன. கொஞ்ச நேரத்தில் ஐந்தும் திரும்பி வந்தன. அப்புறம் வலி தொடங்கியது. இடது கண்ணுக்குப் பின்னால் யாரோ உட்கார்ந்து சுத்தியால் தட்டுகிற மாதிரி. கீழே மிஷின் ஓடுகிற ஒவ்வொரு முறையும் அது என் மண்டைக்குள் ஓடியது. பாத்திரம் கழுவுகிற மோரிக்குத் தவழ்ந்து போய் வாந்தி எடுத்தேன்.

உம்மாவுக்கு உடனே காரணம் தெரிந்துவிட்டது. "மழையில நனைஞ்சிருக்கா. தலையில தண்ணி கோத்துருக்கு." சுக்கை உரசிச் சூடாக நெற்றியில் பற்றுப் போட்டாள். அதன் எரிச்சல் ஒரு பக்கம், காரம் மூக்கில் ஏறி மறுபடி வாந்தி ஒரு பக்கம். அவள் என் கால்மாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டே மேலும் கொஞ்சம் சுக்கு உரசினாள்.

வாப்பாவுக்கு வேறு காரணம் தெரிந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து பைகளில் தொங்கும் நூல்களைக் கத்தரிப்பது என் வேலை. அதற்கு டிமிக்கி கொடுக்கிறேன் என்றார்.

"எனக்குந்தான் தலை வலிக்கி. நான் மிஷினை விட்டு எந்திரிச்சனா? தலவலி எல்லாருக்கும் வரும்ளா. துண்டை இறுக்கிக் கட்டிக்கிட்டு வேலையப் பாக்கணும்."

அவர் அப்படித்தான் செய்வார். மாதத்தில் சில நாள் தலையில் ஈரத்துண்டு. அன்றைக்கு அவரிடம் யாரும் பேச மாட்டோம். கோபத்தில் இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வோம்.

மூன்றாவது தடவை வந்தபோது கண்ணில்தான் கோளாறு என்று முடிவானது. வாப்பா என்னை கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போனார். கடைக்காரர் பெரிய எழுத்து, சின்ன எழுத்தெல்லாம் படிக்கச் சொன்னார். எல்லாம் படித்தேன். இருந்தும் ஒரு கண்ணாடி கொடுத்தார். பழுப்பு ஃபிரேம், காதுக்குப் பின்னால் அறுக்கும். திரும்பும்போது பஸ்ஸில், கண்ணாடி போட்ட கண்ணுக்கு முன்னாலேயே, வாப்பாவின் முகத்தில் பாதி கரைந்துபோனது. ஒரு கண், பாதி மூக்கு, பாதித் தாடி. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவ்வளவு தூரம் கூட்டிவந்து வாங்கிக் கொடுத்திருக்கிறாரே என்று இருந்தது. அந்தக் கண்ணாடி அடுத்த மாதமே சந்துச் சாக்கடையில் விழுந்து வெள்ளத்தோடு போய்விட்டது. வேண்டுமென்று போடவில்லை. தேடவும் இல்லை.

ஒருநாள் காலையிலிருந்து மாலை வரை ஒரு வாய் தண்ணீர்கூட நிற்கவில்லை. உம்மா பயந்து, வாப்பாவிடம் கேட்காமலேயே என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அரை நாள் வரிசை. டாக்டர் ஓர் இளம் பெண், மராட்டிக்காரி. இந்தியில்தான் பேசினாள். உம்மா சொல்லத் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "நீ சொல்லு. உன் தலைதானே?"

அதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை. மூன்று விரலைச் சொன்னேன், வெளிச்சத்தைச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. இதற்குப் பெயர் இருக்கிறது, நிறையப் பிள்ளைகளுக்கு வருகிறது, கண்ணும் போகாது, மூளையும் போகாது என்றாள். ஒரு மாத்திரை எழுதினாள், வலி ஏறுவதற்கு முன்னால் போட. பட்டினி கிடக்காதே, நேரத்துக்குத் தூங்கு என்றாள். வந்துவிட்டால் தோளையும் தாடையையும் தளர்த்திக்கொண்டு மூச்சை மெதுவாக விடு, உனக்குத் தெரிந்த அமைதியான ஓர் இடத்தை நினைத்துக்கொள் என்றாள். எப்போது வருகிறது, அன்றைக்கு என்ன சாப்பிட்டாய், எவ்வளவு தூங்கினாய், சுற்றிலும் என்ன நடந்தது, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி அடுத்த மாதம் கொண்டுவா என்றாள். கடைசியாக உம்மாவைப் பார்த்து, "வலி வந்தா இருட்டா, சத்தமில்லாத ஒரு ரூம்ல படுக்க வைங்க" என்றாள்.

உம்மா பணிவாகத் தலையை ஆட்டினாள். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றதும் சிரிக்க ஆரம்பித்தாள். "சத்தமில்லாத ரூமாம்ளா! தாராவியில!" சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, தலை வலித்துக்கொண்டே.

ஆனால் அன்றைக்கே உள்துணி ரோலிலிருந்து கறுப்புத் துணியில் இரண்டு பாகம் வெட்டி, மாலாவின் மூலையில் திரையாகத் தொங்கவிட்டாள். இருட்டு கிடைத்துவிட்டது. சத்தமில்லாத இடத்துக்கு எங்கே போவது? நினைத்துப் பார்க்கவாவது எனக்கு அப்படி ஓர் இடம் தெரிந்திருக்க வேண்டுமே. யோசித்து யோசித்துப் பார்த்தேன். பள்ளிக்கூடம், ரேஷன் கடை, குழாயடி, ரயில்வே பாலம். ஒன்றுகூட இல்லை.

பிறகு கிடைத்தது. நெற்றியில் வைக்க ஐஸ் வாங்கிவர உம்மா என்னை அடுத்த சந்துக்கு அனுப்புவாள். மீன்காரர்களுக்கும் சர்பத் வண்டிக்காரர்களுக்கும் பாளம் பாளமாக ஐஸ் விற்கிற கோடவுன் அது. ஜன்னல் கிடையாது. தரையெல்லாம் ஈர மரத்தூள், சுவரோரம் சாக்கு மூடிய ஐஸ் பாளங்கள். கதவுக்கு உள்ளே ஓர் அடி வைத்தால் வெளியில் கேட்கிற சத்தம் அப்படியே மங்கிவிடும். ஐஸ் வெட்டும் வடநாட்டுப் பையா என் முகத்தை ஒருநாள் பார்த்துவிட்டு, "பைட் ஜா, பேட்டி" என்று உட்காரச் சொல்லிச் சாக்குக் கட்டைக் காட்டினார். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. என் துண்டு ஐஸை வெட்ட மட்டும் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். மரத்தூள் வாசனை, பாதத்துக்கு அடியில் குளிர்ச்சி, எங்கோ சொட்டுகிற தண்ணீர். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது அங்கேதான் எனக்கே தெரிந்தது. தாடையை விட்டேன். தோள்கள் காது வரை ஏறி நின்றிருந்தன, அவையும் இறங்கின.

அதற்குப் பிறகு திரைக்குள் படுத்தால் அந்தக் கோடவுனுக்குள் போய்விடுவேன். முதல் வாரம் பாதி வழிதான் போக முடிந்தது. கீழே மிஷின் விடவில்லை. அதை எதிர்த்துக்கொண்டு படுத்தால் வலி ஏறுகிறது என்று கண்டேன். சரி, ஓடட்டும் என்று மிஷினையே பிடித்துக்கொண்டேன். ஒரு தையல் ஓடும்போது மூச்சை இழுப்பேன், நின்றதும் மெல்ல விடுவேன், அடுத்த தையல் வரும் வரை. கால்களை வெந்நீரில் வைத்துப் பிடரியில் ஈரத்துணி போட்டால் சுத்தியின் வேகம் குறைகிறது என்பதையும் நானாகத்தான் கண்டுபிடித்தேன். ஒவ்வொரு தடவையும் பலித்தது என்று சொல்ல மாட்டேன். சில நாள் எதுவுமே கேட்காது. ஆனால் முன்பெல்லாம் அது வந்தால் நான் ஒரு மூலையில் சுருண்டு கிடப்பேன். இப்போது எனக்குச் செய்வதற்கு ஏதோ இருந்தது.

நோட்டும் எழுதினேன், கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில். மூன்று வாரம் கழித்து எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது எனக்கே தெளிவாகத் தெரிந்தது. சாப்பிடாமல் பள்ளிக்கூடம் போன நாட்களில் வந்திருந்தது. இரவு சரியாகத் தூங்காத நாட்களில் வந்திருந்தது. எல்லாவற்றையும்விட அதிகமாக, கீழே சொல்யூஷன் ஒட்டிய நாட்களில் வந்திருந்தது. ஒட்டிய அன்றைக்கு, இல்லாவிட்டால் மறுநாள்.

அந்த வாரம்தான் சாயா குடிக்கும்போது வாப்பா உம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "இந்த ஆர்டரை நேரத்துக்குக் குடுக்கலேன்னா வேற ஆளப் பாத்துருவான். பெறவு கார்கானாவ மூடிட்டு நான் எங்கயாவது கூலிக்குப் போவ வேண்டியதுதான்."

நான் மேலே போய் ரப்பரை எடுத்தேன். தூக்கம், சாப்பாடு இரண்டையும் விட்டுவிட்டு, சொல்யூஷன் என்று எழுதிய இடங்களை மட்டும் அழித்தேன். பேனாவில் எழுதியதை ரப்பர் எங்கே அழிக்கும்? எச்சில் தொட்டுத் தேய்த்ததில் தாள் ஓட்டை ஓட்டையாகப் போனது. எங்களுக்குச் சோறு போடுகிற வேலைதான் என் தலையை உடைக்கிறது என்று நான் எப்படிச் சொல்வேன்?

இனி உங்களுக்குத் தெரிந்த நாளுக்கு வருகிறேன். கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் முழுக்க ஒட்டுகிற வேலை. காலையில் நேரமாகிவிட்டது என்று சாப்பிடாமல் ஓடிவந்தேன். கேள்வித்தாளைக் கையில் வாங்கினேன், அதில் வலது பாதி இல்லை. இருந்த பாதியை வைத்துக் கணக்குப் போட்டேன். முந்நூற்று நாற்பது என்பதில் எனக்குத் தெரிந்தது முப்பத்து நான்குதான். டீச்சர் பக்கத்தில் வந்து, "கேள்வியைக்கூடப் பார்த்து எழுதத் தெரியலையா?" என்றார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். மீதியை நீங்கள் பார்த்தீர்கள்.

படிக்காமல் வந்து, விரலை விட்டு வாந்தி எடுத்ததாக டீச்சர் நினைத்துவிட்டார். அவரையும் குறை சொல்ல மாட்டேன். ஓர் அறைக்குள் நாம் எத்தனை பேர் இருந்தோம்! வாப்பாவுக்கு ஆள் அனுப்பினார்கள். அவர் வந்தார். உங்கள் எல்லோர் முன்னாலும் அடித்தார்.

வெளியே மழை. வாப்பா முன்னால் போனார், நான் பத்தடி பின்னால். திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "நாளையிலேருந்து பள்ளிக்கூடம் வேண்டாம். உம்மாகூட இருந்து வேலையப் பழகு."

சந்து திரும்புகிற இடத்தில் ஒரு சாயாக்கடை. அங்கே ஒரு டியூப்லைட் அணைந்து அணைந்து எரிந்துகொண்டிருந்தது. வாப்பா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு தகரச் சுவரைப் பிடித்தபடி நின்றார். குடை சாய்ந்து தோளெல்லாம் நனைந்தது. அவர் கவனிக்கவில்லை. ஒரு கண்ணை மூடினார், திறந்தார், அடுத்த கண்ணை மூடினார். பிறகு இடது கையை முகத்துக்கு முன்னால் நீட்டி விரல்களைப் பார்த்தார்.

எனக்கு அடி, பயம், எல்லாம் மறந்துபோயிற்று. பக்கத்தில் போனேன்.

"வாப்பா, எத்தன விரல் தெரியுது?"

"என்ன கேட்ட?"

"எனக்கு மூணுதான் தெரியும். ஓரத்துல வளைஞ்சு வளைஞ்சு மின்னும்."

அவர் என்னைப் பார்த்தார். என் முகத்தில் எவ்வளவு அவருக்குத் தெரிந்ததோ.

"யாரு சொன்னா ஒனக்கு?"

"யாரும் சொல்லல. எனக்கு அப்படித்தான் வருது. இன்னைக்குக் காலைலயும் வந்துது. அதான் கேள்வி பாதி தெரியல."

மழை பெய்துகொண்டே இருந்தது. வாப்பா நீட்டிய கையை இறக்கினார். பிறகு, மிக மெதுவாக, "கண்ணு போவப் போவுதுன்னுல்லா நெனச்சுக்கிட்டிருக்கேன், இத்தன வருசமா" என்றார். "உம்மாட்ட சொல்லிராத."

"கண்ணு போவாது வாப்பா. டாக்டரம்மா சொல்லிட்டாவ. இப்ப இது போயிரும், பெறவு வலி வரும். அதுக்குள்ள வீட்டுக்குப் போயிருவோம், வாங்க."

அவர் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். தெருவில் வாப்பா கையை நான் பிடித்துக் கூட்டிவந்தது அதுதான் முதல் தடவை. உம்மாவிடம், "லேசாத் தலவலி" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏணி ஏறினார். என் மூலையில், கறுப்புத் திரைக்குள் அவரைப் படுக்க வைத்தேன். கால் திரைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பிடரியில் ஈரத்துணியை வைத்தேன்.

"பல்லைக் கடிக்காதிய, வாப்பா."

"கடிக்கலியே."

"கடிச்சிருக்கிய. நாக்கை மேலயும் கீழயும் தொடாம சும்மா வைங்க. தன்னால விட்டுரும்."

கொஞ்ச நேரம் கழித்து அவர் தாடை தளர்வது தெரிந்தது. மிஷினோடு மூச்சு விடுகிற வித்தையைச் சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குள் உம்மா ஏணியில் குனிந்து, "மிஷினை நிப்பாட்டுங்கப்பா" என்று காரிகர்களிடம் சொல்லிவிட்டாள். பட்டப்பகலில், ஆர்டர் இருக்கும்போது, எங்கள் வீட்டில் மிஷின் நின்றது.

மறுநாள் காலையில் வாப்பா நோட்டைக் கேட்டார். தமிழ் எழுத்தை விரல் வைத்துத்தான் படிப்பார். ஓட்டைகளில் வந்து விரல் நின்றது.

"இங்க என்ன இருந்துது?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் பக்கத்தைப் புரட்டி அடுத்த ஓட்டையைப் பார்த்தார். அதற்கும் அடுத்ததைப் பார்த்தார். தேதிகளைப் பார்த்தார். பிறகு கீழே ஒட்டுப்பலகையைப் பார்த்தார்.

"அழிக்கணும்னு தோணிச்சா ஒனக்கு?" என்றார். மன்னிப்பு என்கிற சொல் அவர் வாயில் கடைசி வரை வந்ததில்லை. அந்த வெள்ளிக்கிழமை தகரச் சுவரில் ஒரு வட்டம் வெட்டி, பழைய எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றை மாட்டினார். வாடை தங்கள் பக்கம் வருகிறது என்று எதிர்வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். அதுவும் நியாயம்தானே. ஃபேனுக்கு ஒரு தகரக் குழாய் வைத்துக் கூரைக்கு மேலே ஏற்றினார். ஒட்டுகிற வேலையை நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரத்துக்கு மட்டும் என்று மாற்றினார். ஆர்டர் தாமதமாயிற்று. ஆர்டர் கொடுத்த வியாபாரி சரக்கை எடுத்துக்கொண்டார், அடுத்த ஆர்டரைத் தரவில்லை. ஒரு காரிகர் வேறு இடத்துக்குப் போய்விட்டார். ரம்ஜான் வரை கஷ்டம்தான். கார்கானா மூடவில்லை. பள்ளிக்கூடம் வேண்டாம் என்ற பேச்சும் அதற்குப் பிறகு எழவில்லை.

டீச்சர் என்னை ஜன்னல் வெளிச்சம் படாத பெஞ்சுக்கு மாற்றியதும், கேட்காமலேயே எழுந்து போய் முகம் கழுவிக்கொள்ள விட்டதும் உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். டீச்சர் செல்லம் என்று கேலி செய்தீர்கள். வாப்பா வந்து தாழ்வாரத்தில் டீச்சரோடு பேசிவிட்டுப் போயிருந்தார். என்ன பேசினார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

வலி என்னை விட்டுப் போய்விடவில்லை. வாரத்துக்கு ஒன்று என்பது மாதத்துக்கு ஒன்றானது. வேலைக்குப் போன காலத்தில், ரயிலில், பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு, எல்லாம் வந்திருக்கிறது. கைப்பையில் இரண்டு பிஸ்கட்டும் மாத்திரையும் இல்லாமல் நான் வெளியே இறங்குவதில்லை. அதனால் அந்தத் தாத்தாவிடம் ஒன்று சொல்கிறேன். பேரன் லைட்டை அணை என்றால் அணைத்துவிடுங்கள். ஒரு நல்ல டாக்டரிடம் கூட்டிப்போங்கள், அங்கே அவனைப் பேச விடுங்கள். காலையில் சாப்பிட்டானா, எத்தனை மணிக்குத் தூங்கினான் என்று அவனையே எழுதிவைக்கச் சொல்லுங்கள். எதையாவது அழித்திருந்தால் திட்டாதீர்கள். உங்களைக் காப்பாற்றுவதற்காகக்கூட அழித்திருப்பான்.

அந்த மாதம் முடிந்து நோட்டோடு மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போன நாளோடு முடிக்கிறேன். இந்தத் தடவை வாப்பாவும் வந்தார். வேலை நாளில் கார்கானாவை விட்டு அவர் வந்ததே உம்மாவுக்குப் புரியவில்லை. நான் டாக்டருக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்தேன். பின்னால் அவர்கள் இருவரும் நின்றார்கள். டாக்டர் நோட்டைப் புரட்டினாள், எழுதியதை நான் இந்தியில் சொன்னேன். நன்றாகச் செய்திருக்கிறாய் என்றாள். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, "இது குடும்பத்தில் வருவது உண்டு. வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா?" என்று கேட்டாள்.

"இல்ல மேடம், யாருக்கும் இல்ல" என்றாள் உம்மா.

பின்னால் அசைவு கேட்டுத் திரும்பினேன். வாப்பா, வகுப்பில் நாம் செய்வோமே அதுபோல, வலது கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

நான் எழுந்து ஸ்டூலை அவருக்கு விட்டேன். அவர் அதன் ஓரத்தில் உட்கார்ந்தார். எத்தனை வருடமாக என்று டாக்டர் கேட்டாள். வாப்பா முதலில் உம்மாவைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "பச்சீஸ் சால்" என்றார். இருபத்தைந்து வருடம்.

உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, ஓர் அடி முன்னால் வந்து, அவர் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.